கொம்பியூட்டருக்குப் போட்ட குரவை

எதுவும் செய்யாமல் இருந்தால் வெல்லலாம் என்ற விளையாட்டை எங்கள் வீட்டில் முதலில் வென்றவள் என் சின்னம்மாவின் மகள். திரையில் ஒரு குளம், நடுவில் ஒரு தடி, தூரத்தில் ஒரு கொக்கு. மவுஸின் பொத்தானை அழுத்தியபடி கையை ஆடாமல் வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் ஆடினாலும் கொக்கு பறந்துவிடும். ஆடாவிட்டால் அடி அடியாகக் கிட்ட வந்து, கடைசியில் தடியின்மேல் ஏறி நிற்கும். நான் தோற்றுத் தோற்று, எரிச்சலில் மவுஸைத் தூக்கி மேசையில் போட்டேன். பன்னிரண்டு வயதுக்காரி அவள் வந்து கதிரையில் ஏறி உட்கார்ந்தாள். மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. கொக்கு வந்து ஏறி நின்றது.

"எப்பிடிப் புள்ள செய்தாய்?" என்று கேட்டேன்.

"பங்கருக்குள்ள இருக்கிற மாதிரி இருந்தன் அக்கா" என்றாள்.

பங்கர் என்றால், குண்டு விழும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பதுங்கியிருக்கிற மண்குழி. அவளோ அடுத்த விளையாட்டு எது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது நாவற்குடாவில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் கொம்பியூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். பழைய கொம்பியூட்டர் இரண்டு, கிறீச்சிடும் மின்விசிறி ஒன்று, ஓ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருந்த பெண்பிள்ளைகள் சிலர். வகுப்பு முடிந்தால் பின்னேரம் முழுவதும் அறை எனக்குத்தான். கொழும்பில் வேலை பார்த்த சிநேகிதி ஒருத்தி, இண்டர்நெட்டில் சும்மா கிடைக்கும் விளையாட்டுகளைச் சீடியில் ஏற்றி, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவாள். கார் ஓட்டுவது, ஆளைச் சுடுவது எதுவும் வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன். துவக்குச் சத்தம் எங்களுக்கு வீதியிலேயே கிடைத்தது. அதற்காகக் கரண்ட் செலவழிக்க மனம் வரவில்லை.

அவள் அனுப்பியவை எல்லாம் எங்கோ ஒரு அறையில் தனி ஆளாக இருந்து யாரோ செய்த விளையாட்டுகள். கடையில் விற்கிற விளையாட்டுகளின் பளபளப்பு அவற்றில் இல்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு கோணல் இருக்கும். ஒன்றில் நாம் ஆள் இல்லை, அவனுடைய நிழல். இன்னொன்றில் நாம் காற்று. கதவுகளைத் திறந்து மூடியே வீட்டுக்காரனை வெளியே கொண்டுவர வேண்டும். மூன்றாவதில் பின்பக்கமாக மட்டும் நடக்கத் தெரிந்த ஒருவன். போகிற இடம் தெரியாது, வந்த வழி மட்டும் கண்ணுக்குத் தெரியும். அவனை என் மாணவிகளுக்கு நன்றாகப் பிடித்திருந்தது.

எதிலும் விளக்கம் இருக்காது. இருந்தாலும் எங்களுக்குத் தெரியாத ஏதாவது மொழியில் இருக்கும். எல்லாப் பொத்தானையும் அழுத்தி, விழுந்து, செத்து, விதி என்ன என்று நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது; அம்மாவைக் கேட்டால் பிறந்ததிலிருந்தே கிடையாது என்பார். இருந்தும் இதில் மணிக்கணக்காக உட்கார்ந்தேன். வெளியே விதிகள் தினமும் மாறின. நேற்றுத் திறந்திருந்த வீதி இன்று மூடியிருக்கும், நேற்றுச் செல்லுபடியான அனுமதித் துண்டு இன்று செல்லாது. இந்தச் சின்னப் பெட்டிக்குள் மட்டும் இன்று கண்டுபிடித்த விதி நாளைக்கும் அப்படியே இருந்தது. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

சின்னம்மாவும் மகளும் எங்களிடம் வந்து சேர்ந்தது அந்த நாட்களில்தான். சின்னம்மா அம்மாவின் தங்கை. வாவிக்கு அங்கால், படுவான்கரையில், பழுகாமத்தில் இருந்தவர். சண்டை அந்தப் பக்கம் திரும்பியபோது ஊரோடு கிளம்பிய சனத்தோடு, மகளையும் ஒரு சாக்கையும் இழுத்துக்கொண்டு வந்தார். சித்தப்பா வரவில்லை. வயல் வட்டையில் நின்ற மாடுகளைக் காட்டுப் பக்கமாக ஓட்டிச் சாய்த்து விட்டு வருகிறேன் என்று சொல்லிப் பின்தங்கியவர்தான். அதன் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. முகாம்களில் கேட்டோம், பேருந்தில் வந்து இறங்கியவர்களிடம் கேட்டோம். கண்டேன் என்றவரும் இல்லை, செத்துப்போனார் என்றவரும் இல்லை.

சின்னம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவருடைய குரவைக்கு எங்கள் சொந்தத்தில் பெரிய பேர். எங்கள் பக்கத்தில் குரவை இல்லாமல் ஒரு நல்ல காரியம் நடக்காது. தாலி ஏறும்போதும், பெண்பிள்ளை வயதுக்கு வந்து பெரியபிள்ளையானாலும், புது வீட்டில் பால் பொங்கினாலும், பெண்கள் கூடி நின்று நாக்கைச் சுழற்றி அந்த ஒலியை எழுப்ப வேண்டும். மற்றவர்கள் போடுவது சத்தம். சின்னம்மா போட்டால் கூரை ஓடு கேட்கும் என்பார்கள். எனக்கு அது வராது. முயன்றால் வாத்து கத்துவதுபோல் ஏதோ வரும்.

சின்னம்மா வந்த புதிதில் எங்கள் தெருவில், அந்த ஒடுங்கிய ஒழுங்கையில், ஒரு வீடு குடிபுகுதல் நடந்தது. அழைக்க வந்தவர் முன்வீட்டு மாமி. எனக்கு, அம்மாவுக்கு, ஒழுங்கை முழுவதற்குமே அவர் மாமிதான். எந்த நல்லது கெட்டதையும் அவர்தான் முன்நின்று நடத்துவார். முன்நின்று என்று சொல்வது பிழை. கணவர் இறந்துபோன நாளிலிருந்து மாமி ஒரு மங்கல வீட்டிலும் முன்னுக்கு வந்ததில்லை. அடுப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் நடத்துவார். குரவை போடுகிற நேரத்தில் வாயை மூடிக்கொண்டு கறியைக் கிளறுவார். அன்று அம்மாவையும் என்னையும் வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டு, சின்னம்மாவைப் பார்த்து, "நீயும் வந்து சும்மா இரு புள்ள" என்றார்.

சின்னம்மா போகவில்லை. அடுத்து ஒரு கலியாணம் வந்தது. அதற்கு மாமி "சும்மா இரு" என்றுகூடச் சொல்லவில்லை.

விதவை என்ற சொல்லை யாரும் வாயால் சொன்னதில்லை. அழைப்பது மட்டும் நின்றது. மாமியைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். தனக்குப் போட்டுக்கொண்ட சட்டத்தைத்தான் அவர் சின்னம்மாவுக்கும் போட்டார். எனக்குக் கோபம் சின்னம்மாவின் மேல்தான். அவர் நெற்றியில் காசளவு இருந்த பொட்டு நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டு வந்தது. முதலில் மிளகளவு, பிறகு கடுகளவு. ஒரு நாள் அதுவும் இல்லாமல் போகப்போகிறது, ஒரு தகவலும் வராமலே எங்கள் சித்தப்பாவை இந்த ஒழுங்கை சாகடிக்கப்போகிறது என்று எனக்குப் பயமாக இருந்தது. கேட்டால் சின்னம்மா, "வியர்வையில அழிஞ்சிட்டு மகள்" என்பார்.

அந்த நேரத்தில்தான் புதுச் சீடி ஒன்று வந்தது. அதில் ஒரு விளையாட்டு எங்களை நன்றாகப் பாடுபடுத்தியது. ஒரு கரையில் முதுகில் பொதியோடு ஒரு சின்ன மனிதன். முன்னால் தண்ணீர். கீபோர்டில் எதை அழுத்தினாலும் அவன் அசையவில்லை, மவுஸுக்கும் அசையவில்லை. சீடி பழுது என்று நினைத்து மூடப்போனேன். அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் இருந்த சின்னம்மாவின் மகள், என் தங்கச்சி, தும்மினாள். தண்ணீரின் மேல் ஒரு பலகை வந்தது.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மேசையில் ஹெட்செட் கிடந்தது. வெளிநாட்டுக்குக் கதைப்பதற்காக மாணவி ஒருத்தியின் அண்ணன் அனுப்பியது, மைக் உள்ளது. தங்கச்சியை இன்னொரு தடவை தும்மச் சொன்னேன். வரவில்லை என்றாள். "ஆ" என்று கத்தினேன். பலகைகள் வரிசையாக வர, மனிதன் அவற்றின்மேல் நடக்கத் தொடங்கினான். நான் மூச்சு எடுத்தேன். பலகைகள் மறைந்தன, மனிதன் தொபுக்கென்று தண்ணீருக்குள் போனான்.

மெல்ல மெல்ல விதி பிடிபட்டது. சத்தம் நின்றால் பாலமும் நிற்கும். ஒரே சீராக இழுத்தாலும் ஆகாது, பலகைகள் மெலிந்து முறிந்துவிடும். ஒலி துடிக்க வேண்டும். முதல் சில தண்ணீர்கள் ஒடுக்கமானவை, எப்படியோ கடந்தோம். கடைசித் தண்ணீர் மிக அகலம். அக்கரையில் ஒரு சிறு வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் முயன்றார்கள். ஒருத்தி வாய்ப்பாடு சொன்னாள், ஒருத்தி தேவாரத்தை வேகமாகப் பாடினாள், ஒருத்தி தன் தம்பியைத் திட்டுவதுபோல் திட்டினாள். அவளுடைய பாலம்தான் கனதூரம் போனது. மாறி மாறிக் கத்திப் பார்த்தோம். ஒருத்தி நிறுத்தி மற்றவள் தொடங்குவதற்கு இடையில் ஒரு இமைப்பொழுது வெளி விழும். அந்த வெளிக்குள் மனிதன் விழுந்துவிடுவான்.

ஒரு பின்னேரம் நான் தொண்டை கட்டிப்போய் இருந்தபோது, கதவடியில் சின்னம்மா நின்றார். கையில் அரிசி புடைக்கிற சுளகு. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"அந்த மனுசன் பாவம்கா. எத்தினை தரம்தான் தண்ணிக்குள்ள விழுவான்" என்றார்.

"விளையாட்டுத்தானே சின்னம்மா."

"கத்தினா மூச்சு ஓடிரும் மகள்" என்று மட்டும் சொன்னார். பிறகு சுளகைக் கீழே வைத்தார்.

நான் ஹெட்செட்டை அவர் தலையில் மாட்டினேன். மறுப்பார் என்று நினைத்தேன், மறுக்கவில்லை. நல்ல காரியம் எதுவும் நடக்காத வீடு, பார்க்க ஆளில்லாத அறை, திரையில் யாரோ ஒரு மனிதன். இது யாருடைய மங்கலத்தையும் கெடுக்காது என்று தன் மனதுக்குள் கணக்குப் பார்த்திருப்பார்போல. சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு குரவையைத் தொடங்கினார்.

அறை சுருங்கிப் போனது. பலகைகள் வந்த வேகத்தில் மனிதன் ஓடினான். நடுத் தண்ணீரைத் தாண்டினான். அந்த விளையாட்டைச் செய்தவருக்கு உலகத்தில் குரவை என்று ஒன்று இருப்பது தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் இதற்கென்றே செய்ததுபோல் பொருந்தியது. அப்படியும் போதவில்லை. அக்கரை வெளிச்சம் கிட்டத் தெரிந்தபோது சின்னம்மாவின் மூச்சு முடிந்தது. மனிதன் விழுந்தான். சின்னம்மா ஹெட்செட்டைக் கழற்றாமல், "திரும்ப வை மகள்" என்றார். அந்தக் குரலை அவர் வந்த பிறகு நான் கேட்டதில்லை.

இரண்டாம் தடவை அவர் மூச்சு குறையத் தொடங்கிய நேரம், எனக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரவை எழுந்தது. அம்மா. குசினியில் இருந்து மாவுக் கையோடு வந்து நின்றார். தங்கையின் ஒலி இறங்கும் முன்பே அக்காவின் ஒலி ஏறிவிட்டது. எங்கே ஒன்று முடிந்தது, எங்கே மற்றது தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அம்மன் கோயில் சடங்கில் சின்ன வயதிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் நின்று போட்டவர்கள். ஒருவர் மூச்செடுக்க மற்றவர் பிடிப்பார், ஒலி அறுந்துபோக விடக்கூடாது என்பதுதான் அங்கே முறை. பாலம் அறுந்துபோகவில்லை. மனிதன் அக்கரையில் ஏறிப் பொதியை இறக்கி வைத்து உட்கார்ந்தான். அவன் பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தது. விளையாட்டு அத்தோடு முடிந்தது, ஒரு பாராட்டுகூட இல்லை.

தங்கச்சி கை தட்டினாள். சின்னம்மா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் சிரித்தது.

அதற்குள் வாசல் படலையடியில் செருப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் மாமி. கையில் முட்டையும் நல்லெண்ணெய்ப் போத்தலும். அவருக்குப் பின்னால் ஒழுங்கைப் பெண்கள் சிலர், ஒருத்தியிடம் உழுத்தம்மா. பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் காரணமில்லாமல் பின்னேரத்தில் குரவை கேட்டால் எங்கள் ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான். பெரியபிள்ளையானவளுக்கு முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தம்மாக் களியும்தான் முதல் சாப்பாடு.

"எப்பகா? புள்ளைய எங்க இருத்தியிருக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டே மாமி உள்ளே வந்தார். தங்கச்சி விஷயம் விளங்கி முகம் சிவந்து குசினிக்குள் ஓடிவிட்டாள்.

"அது அப்பிடி ஒண்டும் இல்ல மாமி" என்றார் அம்மா. "குரவை கொம்பியூட்டருக்குப் போட்டது."

மாமி கொம்பியூட்டரைப் பார்த்தார். கொம்பியூட்டர் பெரியபிள்ளையானதா என்று உழுத்தம்மாக்காரி கேட்க, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்து, "ஆரு போட்டது? பழைய குரவை மாதிரிக் கேட்டிச்சு" என்றார்.

தன் குரவை என்று அம்மா சொல்லிவிடுவாரோ என்று அம்மாவைப் பார்த்தேன்.

"நான்தான்" என்றார் சின்னம்மா. ஹெட்செட் இன்னும் அவர் கழுத்தில் கிடந்தது.

மாமியின் பார்வை சின்னம்மாவின் நெற்றிக்குப் போனது.

"என்ட மனிசன் மாடு சாய்க்கப் போனவர் மாமி" என்றார் சின்னம்மா. குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "இன்னும் வரல்ல. அவ்வளவுதான். வரல்ல எண்டுறது வேற, செத்திட்டார் எண்டுறது வேற. இனி நல்லது எங்க நடந்தாலும் என்னக் கூப்பிடுங்க, வந்து போடுவன். கூப்பிடாட்டியும் வருவன்."

மாமி முட்டையை மேசையில், மவுஸுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அப்ப பொட்டை வடிவா வை" என்றார். "கண்ணாடி இல்லாட்டி என்டயத் தாறன்."

அடுத்த நாள் சின்னம்மாவின் நெற்றியில் பொட்டு காசளவு இருந்தது. வியர்வையிலும் அழியவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் முன்னறை மாறிப்போனது. பின்னேரங்களில் ஒழுங்கைப் பெண்கள் விளையாட வரத் தொடங்கினார்கள். சோடி சோடியாகப் பிரிந்து பாலம் போட்டார்கள். மூச்சு மாற்றத் தெரியாத சோடியைச் சின்னம்மா திட்டுவார். அந்த மனிதனைத் தினமும் அக்கரை சேர்த்துவிட்டுத்தான் சமைக்கப் போவார்கள். சந்தியில் காவலுக்கு நின்ற ஆமிக்காரர் ஒருநாள் வந்து என்ன விசேஷம் என்று விசாரித்தார். கொம்பியூட்டர் வகுப்பு என்றேன். நம்பாத முகத்தோடு போனார். நாட்போக்கில் எங்கள் வீட்டிலிருந்து குரவை கேட்டால் யாரும் தலை நிமிர்த்துவதில்லை என்றாகிவிட்டது. மாமி மட்டும் விளையாட வந்ததில்லை. வாசலில் நின்று பார்ப்பார், வாயைத் திறக்கமாட்டார்.

வாவித் துறையைக் கடந்து படுவான்கரைச் சனம் அங்கொருவர் இங்கொருவராக வந்துபோகத் தொடங்கியிருந்த காலம். ஒரு முற்பகல், வகுப்பில் பிள்ளைகளுக்கு எழுத்துருவைப் பெரிதாக்கக் காட்டிக்கொண்டிருந்தேன். படலையில் ஒரு ஆள் நின்றார். தாடியும், யாரோ போட்டுக்கொள்ளக் கொடுத்த பெரிய சேட்டும். பிச்சை கேட்டு வந்தவர் என்று நினைத்து அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வந்தார், பார்த்தார், உள்ளே திரும்பிக் கையை ஆட்டினார். சின்னம்மா முற்றத்துக்கு வந்தார்.

"மாடெல்லாம் போயிட்டுகா" என்றார் சித்தப்பா. அதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை.

சின்னம்மா அழுவார் என்று நினைத்தேன். அவர் அந்த இடத்தில் நின்று குரவை போட்டார். மூச்சு முடியும் முன் அம்மா பிடித்தார். தங்கச்சி ஓடிவந்து அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நானும் வாயைத் திறந்தேன். என் வாத்துச் சத்தத்தைப் பற்றி அன்று யாரும் குறை சொல்லவில்லை.

ஒழுங்கையிலிருந்து ஒருவரும் வரவில்லை. இவர்களுக்கு வேறு வேலையில்லை, காலையிலேயே தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். சித்தப்பாவை உள்ளே இருத்திச் சோறு போட்டோம். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். காட்டுக்கரையோரமாக ஊர் ஊராகப் போய், எங்கோ ஒரு முகாமில் காய்ச்சலோடு கிடந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் மாமி வந்தார். கையில் முட்டையும் இல்லை, எண்ணெயும் இல்லை. கறி கிளறிய அகப்பை இருந்தது. "வெள்ளெனவே உங்கட விளையாட்டோ? காது கிழியுதுகா" என்று சொல்லிக்கொண்டே வாசல்படியில் காலை வைத்தார். சித்தப்பாவைக் கண்டார்.

அகப்பையிலிருந்து குழம்பு படியில் சொட்டியது. மாமியின் உதடு அசைந்தது. ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். வந்தது குரவை. முதலில் கரகரத்து அறுந்தது, திரும்பத் தொடங்கினார், பிறகு நிற்கவில்லை. கணவர் போனதற்குப் பிறகு மாமியின் வாயில் அந்த ஒலியை எவரும் கேட்டதில்லை. மூச்சு முடிகிற இடத்தில் சின்னம்மா எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டார்.

அந்தக் குரவைக்குத்தான் ஒழுங்கை ஓடி வந்தது. எங்கள் வீட்டுக் கொம்பியூட்டருக்கு மாமி குரவை போடமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். முற்றம் நிறையப் பெண்கள். எதற்கென்று தெரியாமல் வந்தவள் ஒருத்தியின் கையில் முட்டை இருந்தது.

சித்தப்பா சோற்றுக் கையோடு நிமிர்ந்து மகளைப் பார்த்தார், பிறகு முட்டையைப் பார்த்தார். "என்ன விசேஷம்கா? புள்ள பெரியபுள்ளையாயிட்டாளா?" என்று கேட்டார்.

"இல்ல, நீங்க வந்திட்டீங்க" என்றார் சின்னம்மா. பிறகு அந்த முட்டையை வாங்கிக்கொண்டு, பொரிக்க உள்ளே போனார்.